வாடகைக் கணக்கில் வராத செலவு

மதுரையிலிருந்து சென்னைக்குப் படிக்கவோ வேலைக்கோ புறப்படும் நம் பிள்ளைகள் முதலில் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அறை வாடகை இவ்வளவு, மெஸ்ஸுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு. மதுரையைவிட எல்லாம் கூடுதல், அது தெரிந்ததுதான். சாதிக்கென்று தனியாகக் கட்ட வேண்டிய தொகை அந்தக் கணக்கில் இருக்காது.

மதுரையில் வீட்டுக்காரர் நேராகவே கேட்டுவிடுவார்: "நீங்க என்ன ஆளுக?" சென்னையில் கேள்வி நாகரிகமாக வரும்: "நீங்க வெஜ்ஜா?" பதில் பிடிக்காவிட்டால் இரண்டு ஊரிலும் சொல்வது ஒன்றுதான்: "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்." வாசலில் 'டு லெட்' பலகை அப்படியே தொங்கும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. இந்தப் பொய்யை எந்தக் காவல் நிலையத்தில் புகாராகக் கொடுப்பது?

இந்த மறுப்புக்கு விலை உண்டு. பத்து வீடு ஏறி இறங்கினால் ஒருநாள் கூலி போய்விடும். கடைசியில் கிடைப்பது எங்கோ தொலைவில். வாடகை குறைவுதான், ஆனால் மிச்சத்தை ரயிலும் ஷேர் ஆட்டோவும் தின்றுவிடும். கிடைத்த வீட்டிலும் பேரம் பேச வாய் வராது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். சென்னையில் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரில் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போவது இதற்காகத்தான்.

ஊருக்கு ஊர் செலவு மாறும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படி 2024இல் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரைக்கு 20, சிற்றூர்களுக்கு 10 என்று உயர்ந்தது. நியாயம்தான். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மட்டும் இந்த நியாயத்தைக் காணோம். பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவர் விடுதியில் தங்கினால், கட்டணம் தவிர்த்து, கையில் கிடைக்கும் படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். மாதம் 500. வீட்டிலிருந்து போய்வந்தால் வெறும் 3,000. உசிலம்பட்டியில் படித்தாலும் சென்னையில் படித்தாலும் இதே தொகைதான்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை 2023இல் 1,100இலிருந்து 1,500 ரூபாயாக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. 2025இல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயரும் மாற்றினார்கள். பெயரில் குறையில்லை.

ஊழியரின் வாடகைப்படிக்கு இருக்கும் அதே மூன்று ஊர்வகையை உதவித்தொகைக்கும் உணவுப்படிக்கும் வைக்க வேண்டும். சென்னையிலும் கோவையிலும் விடுதி இடங்களைக் கூட்ட வேண்டும். வரும் கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கேட்போம். பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிய தாய்மார்கள் எழுந்து பேசட்டும். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டும் வரை உட்கார வேண்டாம்.