சுக்னா ஏரியும் மறக்கப்பட்ட ஓர் உடன்பாடும்

புது தில்லி: சண்டீகர் நகரின் சுக்னா ஏரியை, உயிருள்ள ஒரு நபருக்குரிய உரிமைகளையும் கடமைகளையும் கொண்ட சட்டபூர்வ அமைப்பாகப் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் 2020 மார்ச் 2-ஆம் தேதி அறிவித்தது. ஏரியைக் காக்கும் பொறுப்பு சண்டீகர் குடிமக்கள் அனைவருக்கும் பெற்றோர் நிலையில் உண்டு என்றது. 2004-ஆம் ஆண்டு இந்திய நில அளவைத் துறை வரைபடத்தின்படி ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் எழுந்துள்ள கட்டடங்களை மூன்று மாதத்துக்குள் அகற்றுமாறு உத்தரவிட்டது. பஞ்சாப், ஹரியாணா அரசுகள் தலா ரூ. 100 கோடி செலுத்த வேண்டும் என்றும் கூறியது. ஏரியின் நீர்மட்டம் குறைந்து வருவதைக் கண்டு 2009-ல் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கு அது.

மூன்று மாதக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரி மனுக்கள் தாக்கலாயின. கான்சல், நயாகாவ், கைம்ப்வாலா, சகேத்ரி ஆகிய ஊர்களில் வீடு கட்டியவர்கள், எந்த அலுவலகத்தில் அனுமதி பெற்றோமோ அந்த அலுவலகத்தைக் கேளுங்கள் என்கின்றனர். அவர்களது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வரைபட அனுமதி பெற்றுக் கட்டியவர்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பே கூறுகிறது.

சட்ட வல்லுநர்கள் விவாதித்துக் கொண்டிருப்பது ஏரிக்கு உயிர் உண்டா என்பதை. ஆனால் இந்த ஏரியின் ஆயுளை உண்மையில் நீட்டித்தது நீதிமன்றம் அன்று. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு மலையடிவாரக் கிராமம் ஒன்றுடன் செய்துகொள்ளப்பட்ட ஓர் உடன்பாடு. அதை அரசுகள் மறந்துபோனதன் விலையே இன்றைய வழக்குகள்.

சுக்னா இயற்கையான ஏரி அன்று. சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் ஒரு மழைக்கால ஓடையின் குறுக்கே 1958-ல் அணை கட்டி உருவாக்கப்பட்டது. இத்தகைய ஓடைகளை அப்பகுதியில் "சோ" என்பர். ஆண்டில் பெரும்பகுதி மணல் படுகையாகக் கிடந்து, பருவமழையின் சில நாள்களில் மட்டும் சீறி வருபவை அவை. சிவாலிக் குன்றுகளோ கெட்டிப்படாத மண்ணும் கூழாங்கல்லும் கலந்தவை. மேலே புல்லும் மரமும் இல்லாவிட்டால் மழையோடு மலையே கரைந்து இறங்கும். அப்படித்தான் இறங்கியது. 1980-களின் இறுதிக்குள் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டலால் நிரம்பிவிட்டது.

வண்டல் எங்கிருந்து வருகிறது என்று 1970-களில் தேடிச் சென்றவர்கள் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டீகர் மைய விஞ்ஞானிகள். பி.ஆர். மிஸ்ரா தலைமையிலான அக்குழுவினரின் தேடல் சுகோமாஜ்ரி என்ற சிற்றூருக்கு அவர்களைக் கொண்டு சென்றது. இன்று ஹரியாணாவின் பஞ்ச்குலா மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. ஊராருக்கு நிலம் சொற்பம், பாசனம் கிடையாது, ஆடு மாடுகளே பிழைப்பு. அவை மேய்ந்ததோ வனத்துறைக்குச் சொந்தமான குன்றுகளில். 1976-ல் அக்குன்றுகளில் ஹெக்டேருக்கு 13 மரங்களே இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

முதலில் விஞ்ஞானிகள் செய்தது வழக்கமான வேலைதான். மண்ணரிப்பைத் தடுக்கக் கரை எடுத்தனர், செடி நட்டனர், மேய்ச்சலை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டனர். ஊரார் கேட்கவில்லை. சண்டீகர்வாசிகள் படகு விடுவதற்காகத் தங்கள் ஆடுகளை ஏன் பட்டினி போட வேண்டும் என்பது அவர்களது கேள்வி. அதற்கு எந்த விஞ்ஞானியிடமும் பதில் இல்லை.

பதிலைத் தந்தது தண்ணீர். மண்ணரிப்பைத் தடுக்க எழுப்பிய சிறிய மண் அணையில் மழைநீர் தேங்கியது. மழை பொய்த்த ஒரு பருவத்தில் அந்நீர் கோதுமைப் பயிரைக் காப்பாற்றியபோது ஊராரின் மனம் மாறியது. 1976 முதல் 1985 வரை நான்கு அணைகள் கட்டப்பட்டன. அணைக்கு மேலுள்ள குன்றில் ஆடு மேய்ந்தால் அணை தூர்ந்துபோகும் என்பதை ஊரே கண்கூடாகக் கண்டது. மேய்ச்சலை ஊரே நிறுத்திக்கொண்டது. கம்பி வேலி எதுவும் போடப்படவில்லை. "சமூக வேலி" என்ற சொல் பின்னாளில் அரசுக் கோப்புகளில் இடம்பெற்றது இங்கிருந்துதான்.

இத்துடன் நின்றிருந்தால் நிலம் உள்ளவர்கள் மட்டுமே பயன் பெற்றிருப்பர். நிலமற்றவர் ஆட்டை மீண்டும் மலையேற்றியிருப்பார். சுகோமாஜ்ரியின் தனிச்சிறப்பே இதைத் தீர்த்த விதம்தான். அணை நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம பங்கு என்று முடிவாயிற்று. நிலமற்றோருக்கும் பங்கு உண்டு. வேண்டுமெனில் அதை அடுத்தவருக்கு விற்றுக்கொள்ளலாம். காகித ஆலைகளுக்குப் போகும் பாபர் புல்லை அதுவரை ஒப்பந்ததாரர்களுக்கு ஏலம் விட்டு வந்த வனத்துறை, அந்தக் குத்தகையை ஊர்ச் சங்கத்துக்கே வழங்கியது. ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின. 1992-ல் அதே குன்றுகளில் ஹெக்டேருக்கு 1,272 மரங்கள். வனத்துறையும் தன் பங்குக்கு மேற்புற ஓடைகளில் ஏராளமான தடுப்பணைகளைக் கட்டியது. ஏரிக்கு வரும் வண்டல் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணித்தனர்.

வன நிர்வாகத்தில் மக்களைப் பங்காளிகளாக்கும் 1990-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சுற்றறிக்கைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ஊர்களில் சுகோமாஜ்ரியும் ஒன்று. பின்னர் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சங்கத்தின் வருமானம் உயர்ந்ததும் வனத்துறை தனது பங்கைக் கேட்டது. சூழலை மீட்டெடுத்துச் சம்பாதித்த பணத்துக்கு வருமான வரி விதிக்கப்பட்ட முதல் கிராமம் என்ற பெயரும் அவ்வூருக்கு வந்து சேர்ந்தது. காகித ஆலைகள் வேறு மூலப்பொருளுக்கு மாறியதால் புல்லுக்கு இருந்த கிராக்கி சரிந்தது. அணைகளும் நாளடைவில் தூர்ந்தன. தூர்வாரும் செலவு யாருடையது என்பதற்கு எந்த ஆவணத்திலும் விடையில்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. இளைஞர்கள் அருகிலுள்ள நகரங்களுக்கு வேலைக்குச் சென்றனர். மலையைக் காப்பதில் ஊருக்கிருந்த ஆதாயம் குறையக் குறைய, அக்கறையும் குறைந்தது. இதில் ஊராரைக் குறை சொல்வதற்கில்லை.

ஏரியின் கதையும் இதற்கிடையே திசை மாறியது. வண்டலைத் தடுத்த தடுப்பணைகளே ஏரிக்கு வர வேண்டிய நீரையும் தடுக்கின்றன என்ற புகார் எழுந்தது. 2012 கோடையில் ஏரியின் பெரும்பகுதி வறண்டு வெடித்துக் கிடந்தது. பிற்பாடு ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஏரியில் விட்டு மானம் காக்கும் நிலைக்கு நிர்வாகம் தள்ளப்பட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சி ஏரியை நிரப்புவதைத் திட்டமிடல் என்று அழைக்க இயலாது. மறுபுறம் 2020 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் கனமழையில் ஏரி நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டன. 2020-ல் கீழ்ப்புறமுள்ள பல்தானா பகுதிக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. ஓர் ஆண்டு வறட்சியைக் கண்டு ஓர் உத்தரவு, மறு ஆண்டு வெள்ளத்தைக் கண்டு வேறோர் உத்தரவு என்பதே நடைமுறையாகிவிட்டது.

யார் உத்தரவிடுவது என்பதும் சிக்கலே. நீர்ப்பிடிப்புப் பகுதியின் மொத்தப் பரப்பு 10,395 ஏக்கர். இதில் 2,525 ஏக்கர் ஹரியாணாவிலும் 684 ஏக்கர் பஞ்சாபிலும் உள்ளது. எஞ்சியது சண்டீகர் யூனியன் பிரதேசத்துக்குள். பஞ்சாபின் பங்கு மிகச் சிறியது. பெரும் பூசல் எழுந்தது அங்கேதான். கான்சலில் தனியார் நிறுவனம் ஒன்று திட்டமிட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு, சுக்னா வனவிலங்கு சரணாலய எல்லையிலிருந்து 123 மீட்டர் தொலைவில் அமையவிருந்தது. 2019 நவம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பஞ்சாப் சட்டமன்ற உறுப்பினர்கள் 95 பேர் அத்திட்டத்தின் பயனாளிகளாக இருந்ததையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. சரணாலயத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மண்டலம் சண்டீகர் பக்கம் 2 கிலோமீட்டருக்குக் குறையாமல் 2017-ல் அறிவிக்கப்பட்டது. தன் பக்கம் 100 மீட்டர் போதும் என்று பஞ்சாப் அரசு முன்மொழிந்திருந்தது. 100 மீட்டரின் பின்னணி என்ன என்று வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தில்லியிலிருந்து பார்க்கும்போது இது சண்டீகரின் தனிக்கதையாகத் தோன்றவில்லை. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களுக்கிடையிலான நதிகளுக்காக 1956-ல் நாடாளுமன்றம் நதி வாரியச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட இதுவரை அமைக்கப்படவில்லை. தேசிய நீர்ச் சட்ட வரைவு 2013-லும் 2016-லும் தயாரானது. இரு முறையும் சட்டமாகவில்லை. பெருநதிகளுக்கே இக்கதி எனில், 10 ஆயிரம் ஏக்கரில் மூன்று நிர்வாகங்களுக்கிடையே கிடக்கும் ஓர் ஓடையை யார் நினைப்பார்?

சட்டத்தை விடுத்துத் திட்டங்களைப் பார்ப்போம். நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக்கென மத்திய அரசு 1994-ல் பொது வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2003-ல் "ஹரியாலி" என்று பெயர் மாறியது. 2008-ல் புதிய பொது நெறிமுறைகள். 2009-ல் ஒருங்கிணைந்த திட்டம். 2015-ல் அது பிரதமரின் பாசனத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2021-ல் அதன் இரண்டாம் பதிப்பு. பெயர் மாற்றத்தைவிடக் கவனிக்க வேண்டியது கால அளவு. 2006-ல் பார்த்தசாரதி குழு ஒவ்வொரு திட்டத்துக்கும் 8 ஆண்டுகள் தேவை என்றது. 2008 நெறிமுறைகள் 4 முதல் 7 ஆண்டுகள் என்றன. இப்போதைய நெறிமுறைகள் அதனை 3 முதல் 5 ஆண்டுகளாகச் சுருக்கிவிட்டன.

ஹெக்டேருக்கான செலவு வரம்பு சமவெளியில் ரூ. 12 ஆயிரத்திலிருந்து ரூ. 22 ஆயிரமாக உயர்த்தப்பட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு 49.5 லட்சம் ஹெக்டேர் இலக்கும் பெரியதே. ஆனால் சுகோமாஜ்ரியில் அணைகள் கட்டி முடிக்கவே ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. மரம் வளர்ந்ததைக் கணக்கெடுக்க மேலும் ஏழு ஆண்டுகள். மூன்றாம் ஆண்டில் பணி நிறைவுச் சான்றிதழ் எழுதும் திட்ட அலுவலர் அங்கே எதைக் கண்டிருப்பார்? மக்களவையில் இத்திட்டம் குறித்த கேள்விகளுக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் மாநிலவாரியாக ஹெக்டேரும் கோடியும் நிரம்பிய அட்டவணைகளே. முடிந்த திட்டங்களில் எத்தனை அணைகள் பத்தாண்டுகளுக்குப் பிறகும் நீர் தாங்குகின்றன என்று கேட்கும் உறுப்பினரைக் காண்பது அரிது.

நகரின் பக்கமும் ஒரு கேள்வி உள்ளது. ஏரிக்கரையில் உலாவும் நகரம், மேலே மண்ணைப் பிடித்து வைக்கும் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் எதுவும் தருவதில்லை. அணை தூர்வாரவும், மேய்ச்சலைக் கைவிட்ட குடும்பங்களுக்கு ஈடு செய்யவும், கட்டடம் எழுப்பாமல் நிலத்தை வைத்திருப்பவருக்குக் கொடுக்கவும் ஒரு நிரந்தர ஏற்பாடு இருந்திருந்தால், கான்சலிலும் சகேத்ரியிலும் மனை போட்டு விற்பது மட்டுமே லாபமாகத் தோன்றியிராது. அபராதமாகக் கேட்கப்படும் ரூ. 200 கோடியில் ஒரு பகுதி முன்பே இவ்வகையில் செலவாகியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. சண்டீகருக்குச் சட்டமன்றம் கிடையாது. அதன் வரவு செலவு மத்திய உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளில் ஒன்றாக ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வருகிறது. விவாதமின்றி நிறைவேற்றப்படும் கோரிக்கைகளின் வரிசையில் அதுவும் பல ஆண்டுகளில் கடந்து சென்றிருக்கிறது. மேட்டு நிலக் கிராமங்களுக்கென அதில் ஒரு தலைப்பு சேர்க்கலாமா என்று கேட்பதற்குரிய உறுப்பினர்கள் சண்டீகர், பட்டியாலா, அம்பாலா, ஆனந்த்பூர் சாஹிப் தொகுதிகளிலிருந்து இதே அவையில்தான் அமர்ந்திருக்கின்றனர்.