ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு



பெற்றோலுக்குத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் எங்களுக்கு எல்லாமே. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பிள்ளையை முன்னுக்கும் அரிசி மூட்டையைப் பின்னுக்கும் வைத்து உருட்டிச் சென்றவர்களில் நானும் ஒருத்தி.

2009இல் போர் முடிந்தது. பிறகு எங்கள் வீதி காப்பெற் வீதியாகியது. வாகனங்கள் பறக்கின்றன, சைக்கிளுக்குத்தான் இடமில்லை. அண்மையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு பஸ் ஓரத்துக்கு ஒதுக்கி விழுத்தியது. கை முறிந்தது. இப்போது தாய் அவளை ரியூசனுக்கு விடுவதில்லை.

“ஷெல்லுக்குத் தப்பிய நாங்கள் பஸ்ஸுக்குப் பயந்து பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா?” என்று மாதர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன்.

நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு மட்டும் 400க்கும் அதிகமான பிள்ளைகள் வீதி விபத்துகளில் இறந்தார்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். இன்று அங்கே சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் உண்டு. அவையும் கேட்டுப் பெற்றவைதான்.

நாங்கள் பாடசாலை நேரத்தில் சந்தியில் நின்று, போகும் சைக்கிள்களை எண்ணிக் கொப்பியில் எழுதினோம். ஆபத்தான வளைவுகளைக் குறித்தோம். கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். பிரதியில் திகதி முத்திரையும் பெற்றோம்.

“சைக்கிளுக்கும் பாதையா?” என்று சிரித்தார்கள். கேட்டது பெரிதல்ல: சந்தியிலிருந்து பாடசாலை வரை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குள் வாகனம் நிறுத்தத் தடை.

பதில் இன்னும் வரவில்லை. திரும்பவும் போவோம். உங்கள் ஊரிலும் ஒரு கொப்பியோடு தொடங்குங்கள், சகோதரிகளே.