தூத்துக்குடியில் ஒரு ஹீட்டர்

தூத்துக்குடியில் பனி இருக்கிற ஒரே இடம் மாதா கோயில்தான். அதுவும் பெயரில் மட்டும். பனிமய மாதா! ரோமாபுரியில் ஒரு ஆகஸ்ட் மாதம் பனி பெய்ததாகச் சொல்லும் கதையிலிருந்து வந்த பெயர். இங்கே வருஷா வருஷம் ஆகஸ்ட் 5-ம் தேதி திருநாளன்று, வேர்வையில் தொப்பலாக நனைந்துகொண்டுதான் பனி மாதாவைக் கும்பிடுகிறார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் என் கார் மூணு மாசமாக ஹீட்டர் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது சார்!

ஏப்ரலில் ஆரம்பித்தது. ஏ.ஸி-யில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. முதல் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்காமலே "கேஸ் போயிருச்சு சார்" என்றார்கள். கடலோர ஊரில் இதற்கு வாய்ப்பு உண்டுதான். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் துறைமுகம். உப்புக் காற்று முதலில் ருசி பார்ப்பது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டன்ஸரைத்தான். அலுமினியத் தகடு அப்பளமாக உதிரும், அப்புறம் குழாயில் ஊசிமுனை ஓட்டை, கேஸ் அம்பேல். சரி என்றேன். ஏற்றினார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் போனது. குளிரவில்லை.

இரண்டாவது ஒர்க்‌ஷாப். அவர்களும் கேஸ் என்றார்கள். "இப்பத்தானே ஏத்தினேன்?" "அது டூப்ளிகேட் கேஸா இருக்கும் சார்." மறுபடி ஏற்றி, மறுபடி வாங்கி, அதுவும் எடுபடாமல் போனதும் "கம்ப்ரஸர் வீக்" என்று 22 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

வெறும் சொகுசு சமாசாரம் என்றால் விட்டுத் தள்ளியிருப்பேன். அம்மாவை மாசம் ஒரு தடவை பாளையங்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிப் போகணும். எழுபத்திரண்டு வயசு. இருதயம் லேசாக மக்கர். மே மாசத்துப் பகலில் அந்த ரோட்டில் கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் அடுப்பு. வாகைக்குளம் தாண்டுவதற்குள் முந்தானையால் விசிற ஆரம்பித்துவிடுவாள். வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஆபீஸ் நண்பர் ஒருவர் அந்த அண்ணாச்சியைக் கை காட்டினார். முன்னாளில் ஐஸ் பிளான்ட் மெக்கானிக். டன் கணக்கில் மீனைக் கெடாமல் பார்த்துக்கொண்டவர், என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

அண்ணாச்சி கேஜ், மீட்டர் எதையும் எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஏ.ஸி போடச் சொன்னார். கால் மணி நேரம் டீ குடித்தார். பிறகு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

"தண்ணி சொட்டுது, பாத்தியளா தம்பி?"

"ஆமாண்ணாச்சி. ரேடியேட்டர் ஒழுகுதோ?"

"இது ஏ.ஸி தண்ணி. கூலிங் காயில் சில்லுனு இருந்தாத்தான் காத்துல உள்ள ஈரம் அதுல படிஞ்சு சொட்டும். இங்க வாங்க, இந்தத் தடிக் குழாயத் தொடுங்க."

தொட்டேன். ஜில்லென்று முத்து முத்தாக வேர்த்திருந்தது. பக்கத்து ஒல்லிக் குழாய் சுட்டது.

"அப்போ கேஸ் இருக்கு, கம்ப்ரஸர் வேலை செய்யுது. குளிர் உண்டாகுது. ஒங்களுக்கு வந்து சேரல. நடுவுல எவனோ சூடு பண்ணுதான்!"

துப்பறியும் சாம்பு தோற்றார், போங்கள்.

அந்த எவன்தான் ஹீட்டர். விஷயம் என்னவென்றால், சிம்லாவில் விற்கிற அதே கார்தான் இங்கேயும் விற்கிறது. எஞ்சினைச் சுற்றி வருகிற சுடுதண்ணீர், சுமாராக 90 டிகிரி, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. கூலிங் காயிலும் அதே பெட்டிக்குள்தான் குடித்தனம். காற்று எந்தப் பக்கம் போகணும் என்று முடிவு செய்வது நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதவு. நாம் நீலம், சிவப்பு என்று திருகுகிற குமிழ் ஒரு கேபிளை இழுத்து அந்தக் கதவைத்தான் ஆட்டுகிறது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இந்தக் கூட்டுக் குடித்தனத்தால் லாபம் உண்டு. ஏ.ஸி, ஹீட்டர் இரண்டையும் போட்டால் முதலாவது காற்றை உலர்த்தும், இரண்டாவது சூடாக்கும், கண்ணாடியில் படிந்த மூடுபனி சட்டென்று விலகும்.

அண்ணாச்சி துணி சுற்றிய கிளாம்ப்பால் ஒரு ஹோஸை நெருக்கிப் பிடித்தார். சுடுதண்ணீர் நின்றது. ஐந்தே நிமிஷம். உள்ளே மார்கழி மாசம்!

கேபிளை மாட்டியிருந்த கிளிப் உடைந்து, கதவு சிவப்புப் பக்கம் பாதி திறந்தபடி நின்றுவிட்டிருக்கிறது. பழைய சாமான் டப்பாவைக் கிளறி ஒரு கிளிப் எடுத்து மாட்டினார். கூலி 200 ரூபாய்.

"அந்த கேஸ் விவகாரம் அண்ணாச்சி...?"

"கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடக் குறையுததுக்கு? மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வருத சாமான். குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுத இடத்தக் காட்டாம ஏத்துதவனுக்குக் காசு குடுக்காதிய."

நூற்றுக்கு நூறு. இப்போது பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிற வஸ்து. ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான், கொஞ்சம் பெரிய அளவில். ஆவியை கம்ப்ரஸர் அமுக்க, கண்டன்ஸர் மறுபடி திரவமாக்க, அதே கேஸ் திரும்பத் திரும்ப உழைக்கிறது. இதற்கு முன்னால் ஆர்-12 இருந்தது. ஓஸோனில் ஓட்டை போடுகிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு மங்களம் பாடியது. ஆர்-12 பிறக்கக் காரணமாயிருந்த அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லிதான் 1921-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கவும் வழி கண்டவர். ஒரே மனுஷன், இரண்டு கைங்கர்யம்!

இன்னொன்றும் அண்ணாச்சி சொன்னார். வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது சூடானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்ஸர் ஃபேனை. காற்றே மந்தமாக வந்தால் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள ஃபில்டரை. (என்னுடையதைத் தட்டினோம். துறைமுக ரோட்டின் பாதித் தூசி அதில் இருந்தது.) கண்டன்ஸரில் படிந்த உப்பை வாரம் ஒரு வாளி நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும். பிரஷர் பம்ப்பால் அடித்தால் தகடு மடங்கும். நடுரோட்டில் எஞ்சின் சூடு ஏறினால் ஏ.ஸி-யை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்து ஓரம் கட்டணும். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். நாம் வேகலாம், எஞ்சின் பிழைக்கும்.

ஜூன் மாதம் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டோம். புதுக்கோட்டை தாண்டியதுமே அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏல, குளிருதுல. அந்தச் செவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பு."