பட்டாவுக்கு வரும் இரண்டாயிரம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "பிஎம் கிசான் பணம் ஏறிவிட்டது" என்று மூன்று பேர் போட்டிருந்தீர்கள். ஒருவர் தாம்பரம், ஒருவர் கோயம்புத்தூர், இன்னொருவர் திருச்சி. மூவரும் வயலில் கால் வைத்து இருபது வருஷமாவது இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மேல் குற்றமில்லை. விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்றார்கள், சில மாதத்திலேயே எல்லா நில உடைமையாளர்களுக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுவோருக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குவோருக்கும் கிடையாது. அதனால் எனக்கும் இல்லை, அது நியாயம்தான். ஆனால் பட்டாவில் பெயர் இல்லாத குத்தகைதாரருக்கும் இல்லை என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நீடாமங்கலம் பக்கம், ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன் ஒருவன் 15 மா சாகுபடி செய்கிறான். மூன்று மா ஓர் ஏக்கர், ஆக 5 ஏக்கர் (வாய்ப்பாடு மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்). பாதி கோயில் நிலம், பாதி சென்னையில் இருப்பவருடையது. விதைநெல், டிராக்டர் வாடகை, நடவுக் கூலி, அறுவடை மெஷின் எல்லாம் அவன் கைக்காசு, அதிலும் பெரும்பகுதி வட்டிக் காசு. அறுத்ததும் குத்தகை நெல்லை அளந்துவிட வேண்டும். கதிர் சாய்ந்து முளைத்தால் நஷ்டம் அவனுக்கு. இரண்டாயிரம் சென்னைக்காரருக்கு. கோயில் பாதிக்கு யாருக்குமே வராது, நிறுவனங்களின் நிலத்தை விதியே ஒதுக்கிவிட்டது. நம் டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாததா?

யார் உழுகிறார் என்று அரசு எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கேட்பார்கள். நிலம் யாருடையது என்று சொல்வது சிட்டா. எந்த வயலில் என்ன பயிர், சாகுபடி செய்வது யார் என்று எழுதத்தான் அடங்கல் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் அதை ஒழுங்காக எழுதி, பணத்தையும் அதைப் பார்த்துக் கொடுத்தால் போதும். ஒடிசாவின் காலியா திட்டத்தில் நிலமில்லாத குத்தகை விவசாயிகளையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் 2019இல் சட்டமே போட்டு, சாகுபடியாளருக்குத் தனி அட்டை கொடுத்தார்கள். குறைகள் இருந்திருக்கும், ஆனாலும் முயன்றார்கள்.

"குத்தகைக்காரனைச் சேர்த்தால் மோசடி நடக்கும்" என்றும் சொல்கிறார்கள். 2020இல் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போனது நினைவிருக்கிறதா? பட்டாவைக் கேட்கும் இதே திட்டத்தில்தான் அது நடந்தது.

உண்மையான தடை வேறு, அது நம் வீடுகளில் இருக்கிறது. குத்தகையை எழுத்தில் கொடுத்தால் 1969 சட்டப்படி பதிவு செய்துகொண்டு நிலத்தை விடமாட்டான் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், நம் உறவிலேயே வழக்கு நடந்திருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகையால் அவனுக்குப் போவது இரண்டாயிரம் மட்டுமில்லை. பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது, எல்லாவற்றுக்கும் அடங்கல் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நிலக்காரர் தயவுக்கு நிற்கிறான்.

சட்டம் மாறும்போது மாறட்டும். இந்த சம்பாவுக்கு, நிலம் குத்தகைக்கு விட்டிருக்கும் உறவினர்கள் ஊர் விஏஓவுக்கு ஒரு போன் செய்து, சாகுபடி செய்பவர் பெயரிலேயே அடங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவரைதான் நேரம். வந்த தவணையை அவரிடமே கொடுப்பதா, குத்தகை நெல்லில் கழித்துக்கொள்வதா, அது உங்கள் விருப்பம். விண்ணப்பம் எழுதத் தெரியாத என் மாணவர்கள் ஆதார், பாஸ்புக் நகலோடு மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.