சங்கொலி அறியாச் செவிகள்

அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், பாறையைத் தகர்க்க வெடி வைக்கும் முன் எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். அதைக் கேட்டோர் விலகி நிற்பர். வெடித்தபின் வேலைக்குத் திரும்புவர். வரப்போவது இன்னதென அறிந்தவருக்கு அச்சம் குறைவு. ஆனால், தீபாவளி நாளில் அதே மண்ணின் தெருக்களில் வாழும் நாய்களுக்கு எந்தச் சங்கும் ஒலிப்பதில்லை. ஓசை எங்கிருந்து வருகிறது, எப்போது ஓயும் என்பதை அறியாமல் அவை நடுங்குகின்றன. அந்நடுக்கத்தைத் தணிக்கும் பொறுப்பு, ஓசையை எழுப்பும் மனிதருக்கே உரியது.

செவியின் கூர்மை

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நள்ளிரவில் அயலார் காலடி கேட்டுக் குரைக்கும் நாயைப் போற்றுவோர், அதே செவியில்தான் சரவெடியும் விழுகிறது என்பதை மறந்துவிடுகின்றனர். மூச்சிரைத்தல், எச்சில் ஒழுகுதல், உணவை மறுத்தல், மூலையில் பதுங்குதல் ஆகியவை அதன் அச்சத்தைக் காட்டும் அறிகுறிகள். மிரண்ட நாய் திசையறியாது ஓடும். சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கிறது. அத்தகைய சாலையில் நாய் குறுக்கே பாய்ந்தால், அதன் உயிரோடு இருசக்கர ஊர்தியில் வருபவரின் உயிரும் இடருக்குள்ளாகும்.

அச்சம் தணிக்கும் வழிகள்

வெடியோசை தொடங்குமுன்பே நாயை வெளியே உலவச் செய்து, உணவளித்து, வீட்டின் உள்ளறையில் விட வேண்டும். கதவு, சன்னல்களை மூடித் திரையிட்டு, மின்விசிறியையோ வானொலியையோ இயக்கினால் வெளியோசை மட்டுப்படும். அது பதுங்க விரும்பும் இடத்திலிருந்து இழுத்து வருதல் கூடாது. சங்கிலியால் கட்டினால், திமிறும்போது கழுத்து இறுகக்கூடும். அருகிலிருந்து தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்பது தவறான கருத்து. பழகியவரின் அண்மை அதற்கு ஆறுதலே. மிகுதியாக அஞ்சும் நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் முன்னரே மருந்து பெறலாம். மனிதர்க்குரிய தூக்க மாத்திரைகளைக் கொடுத்தல் ஆபத்தானது.

தெருநாய்க்கு அறை ஏது?

வீட்டு நாய்க்கு உள்ளறை உண்டு. தெருநாய்க்கு ஊரே அறை. அவ்வூரின் ஒழுங்கே அதற்குக் காவல். 2018இல் உச்சநீதிமன்றம் தீபாவளியன்று பட்டாசு வெடிப்பதற்கு இரண்டு மணி நேரம் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 மணி, மாலை 7 முதல் 8 மணி எனப் பகுக்கப்பட்டது. இவ்வரையறை பின்பற்றப்பட்டால் அதுவே சங்கொலியின் பணியைச் செய்யும். நாய் வளர்ப்போர் முன்கூட்டியே அணியமாகலாம். தெருநாய்க்கும் எஞ்சிய பொழுதெல்லாம் அமைதி கிட்டும். நள்ளிரவு வரை விட்டுவிட்டு வெடிக்கும்போது இவ்விரண்டும் பாழாகின்றன.

‘ஆண்டுக்கு ஒருநாள் மகிழ்ச்சியைத் தடுப்பதா? பட்டாசை நம்பி வாழும் சிவகாசித் தொழிலாளர் என்னாவது?’ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. எனினும், இங்கு வேண்டப்படுவது பட்டாசைத் துறத்தல் அன்று. நேரம் காத்தலும் ஓசை குறைத்தலுமே. கம்பிமத்தாப்பும் சங்குசக்கரமும் சிவகாசியில் உருவாகுபவையே. அவை ஒளியால் மகிழ்விப்பவை.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூடு கட்டும் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. பருவந்தோறும் வந்து செல்லும் பறவைக்காக ஓர் ஊர் தீபாவளி முழுவதையும் ஓசையின்றிக் கொண்டாடுகிறது. ஆண்டு முழுவதும் வாசலிலே கிடந்து காவல்காக்கும் நாய்க்காக, அனுமதித்த நேரத்தோடு வெடியை நிறுத்திக்கொள்வது பெரிய ஈகமாகாது. அதனை ஒவ்வொரு தெருவிலும் முதலில் தொடங்க வேண்டியவர்கள், தீக்குச்சியைக் கையில் ஏந்தும் இளையோரே.