சாவிக் கொத்தும் வலிப்பு நோயும்

காய்ச்சல் வந்தவனைக் கண்டு யாரும் விலகி ஓடுவதில்லை. கால் முறிந்தவனுடைய தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காமற் போவதுமில்லை. ஆனால் நம் ஜனங்கள் காக்காய் வலிப்பு என்று சொல்லும் வியாதிக்கு மாத்திரம், மருந்து தேடுவதற்கு முன்பே மறைப்பதற்கு வழி தேடப்படுகிறது. இது ஏன் என்பதைச் சற்று நடுநிலையிலிருந்து யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

கடைத்தெருவில் ஒருவன் வலிப்புக் கண்டு விழுகிறான் என்று வைத்துக் கொள்வோம். உடனே நாலு பேர் ஓடி வந்து, "இரும்பு கொடு, இரும்பு கொடு" என்று கூவி ஒரு சாவிக் கொத்தை அவன் கையில் திணிக்கிறார்கள். சிறிது நேரத்தில் வலிப்பு நிற்கிறது. இரும்பின் மகிமையே மகிமை என்று பேசிக் கொண்டு எல்லோரும் கலைந்து போகிறார்கள். சாவி கொடாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நாலு பேரில் ஒருவராவது கேட்டதுண்டா? அப்பொழுதும் நின்றுதான் இருக்கும். ஏனெனில் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தாமாகவே அடங்கி விடுகின்றன. கோழி கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பூசாரியின் வேப்பிலையும், மந்திரவாதியின் தாயத்தும், பேயோட்டுகிறவனின் பிரம்பும் பேர் வாங்குவது இதே கணக்கில்தான். இதில் எந்த மதத்திற்கும் விலக்கில்லை.

இது தெய்வத்தாலோ பேயாலோ வருவதல்ல என்பது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியுமல்ல. சுமார் 2400 வருஷங்களுக்கு முன்பே, ஹிப்போக்கிரட்டீஸ் பேரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல் ஒன்று, இதுவும் மற்ற வியாதிகளைப் போன்றதே, மூளையிலிருந்து வருவதே என்று எடுத்துக் காட்டிற்று. மூளை அணுக்கள் ஒரே சமயத்தில் அளவு மீறி மின்சாரத்தை வெளிப்படுத்துவதுதான் வலிப்பு. தலையில் பட்ட அடி, பிரசவ காலத்துச் சேதம், மூளைக் காய்ச்சல், அசுத்தமான உணவோடு வயிற்றுக்குள் போகும் பன்றி நாடாப்புழுவின் முட்டை முதலிய பல காரணங்களால் இது வரும். காரணம் புலப்படாமலும் வரும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும், அதற்கான மாத்திரைகள் வருஷத்திற்கு 5 டாலர் என்ற குறைந்த செலவிலேயே கிடைக்கக்கூடும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அப்படியிருந்தும் ஏழை நாடுகளில் 4-ல் 3 பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்றால், இதற்கு யார் ஜவாப்தாரி?

மூடத்தனம் படியாதவரிடம் மாத்திரம் இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். வலிப்பைக் காரணம் காட்டி விவாகத்தை ரத்துச் செய்யும் சட்டத்தை இங்கிலாந்து 1971-ல்தான் கைவிட்டது. அவர்கள் கழித்துக் கட்டியதை, 5 வருஷம் கழித்து, 1976-ல் இந்தியா தன் விவாகச் சட்டங்களில் எழுதி வைத்துக் கொண்டது! 1999-ல்தான் அது நீக்கப்பட்டது.

இம்மாதிரிக் கொடுமைகளை எதிர்த்து உலகெங்கும் வேலை நடந்தே வருகிறது. டாக்டர்கள் 1909-ல் புடாபெஸ்ட் நகரில் ஒரு சர்வதேசச் சங்கம் கண்டார்கள். நோயாளிகளின் நலத்திற்கென்றே 1961-ல் மற்றொரு ஸ்தாபனம் ஏற்பட்டது. இவ்விரண்டும் உலக சுகாதார ஸ்தாபனத்துடன் சேர்ந்து, இந்நோயாளிகளை இருட்டிலிருந்து வெளிச்சத்திற்குக் கொண்டு வருவதென்று 1997-ல் பிரசாரம் தொடங்கின. 2022-ல் உலக நாடுகள் கூடி, 2031 வரைக்கும் ஒரு வேலைத் திட்டத்தை ஒப்புக் கொண்டிருக்கின்றன.

ஆனால் ஜெனிவாவில் செய்யும் தீர்மானம் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருமா? சட்டத்திலிருந்து போன சொல் நம் மனத்திலிருந்து போகவில்லையே! நோயை மறைத்துக் கல்யாணம் செய்து அனுப்பப்பட்ட பெண், மாமியார் கண்ணில் மாத்திரை பட்டு விடுமோ என்று அஞ்சி அதை நிறுத்தி விடுகிறாள். திடீரென்று மருந்தை நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அவளைக் கொல்லுவது வியாதியா, நம்முடைய வெட்கமா?

ஆகவே தோழர்களே! வலிப்புக் கண்டவரைக் கண்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக்கத்திலுள்ள கல்லையும் கத்தியையும் அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தெளியும் வரை கூடவே இருங்கள். 5 நிமிஷத்திற்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சம்பந்தம் பேசும்போது நோயை ஒளிக்காதீர்கள். மாத்திரை சாப்பிடும் மருமகளைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். சாவிக் கொத்து பூட்டைத் திறப்பதற்குத்தான் உதவும் என்றும், அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்றும் சொல்லி இதை முடிக்கிறோம்.