பள்ளித் தொலைநோக்கியைப் பகலில் வெளியே எடுங்கள்

உங்கள் பள்ளியில் தொலைநோக்கி இருக்கிறதா? இருந்தால் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அறிவியல் கூடத்து அலமாரியில்தான் இருக்கும். நட்சத்திரங்கள் தெரிவதோ இரவில். நீங்கள் பிற்பகலிலேயே வீடு திரும்பிவிடுகிறீர்கள். இரவு நிகழ்ச்சி வைத்தாலும் நம் ஊர் மேகம் விடுவதில்லை. ஆனால், பள்ளி நேரத்தில் தலைக்கு மேலேயே ஒரு நட்சத்திரம் நிற்கிறதே! பள்ளி வானியலைச் சூரியனிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

சூரியத் தொலைநோக்கியின் சிக்கலே வேறு. மற்றவற்றுக்கு ஒளி போதாது. இதற்கு ஒளி மிகுதி. ஹவாயின் ஹலேயகலா மலையிலுள்ள இனோயே தொலைநோக்கியின் 4 மீட்டர் ஆடி ஏறத்தாழ 13 கிலோவாட் ஆற்றலைக் குவிக்கிறது. ஐந்தாறு மின்சாரக் கெண்டிகளின் வெப்பம் ஒரே இடத்தில்! அதைத் தணிக்க இரவிலேயே பனிக்கட்டி உண்டாக்கி வைக்கிறார்கள்.

பள்ளிக்கு அவ்வளவு வேண்டாம். தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும் முறையான சூரிய வடிகட்டி போதும். அது ஒளியில் சுமார் இலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். பழைய பெட்டிகளில், கண்ணருகே திருகி மாட்டும் சிறு கறுப்புக் கண்ணாடி கிடக்கலாம். அதை நம்பவே நம்பாதீர்கள். குவிந்த வெப்பம் விழுவது அதன்மேல்தான். அது விரிசல் விட்டால் கண்ணை விலக்க நேரமிருக்காது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. குப்பையில் போடச் சொல்லுங்கள்.

"ஆபத்து என்றால் எதற்கு வம்பு?" என்பார்கள் சிலர். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தையும்தான் கையாள்கிறோம், ஆசிரியர் அருகில் நிற்க. முறையாகப் பார்க்கக் கற்காதவர்தான் கிரகண நாளில் கையில் கிடைத்த குளிர்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்.

பார்த்து என்ன கண்டுவிடப் போகிறோம் என்கிறீர்களா? ஜெர்மனியின் தெசாவு நகர மருந்துக்கடைக்காரர் ஹைன்ரிச் ஷ்வாபே, புதனுக்கும் உள்ளே ஒரு கோளைத் தேடி 1826 முதல் சூரியப் புள்ளிகளைக் குறித்துவந்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால், 17 ஆண்டுக் குறிப்புகளைப் பார்த்தபோது, புள்ளிகள் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது தெரிந்தது. அது சராசரியாக 11 ஆண்டு என்று இன்று அறிவோம்.

ஓய்வு நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். ஒரு வட்டம் வரைந்து, தெரியும் புள்ளிகளை அதே இடத்தில் குறியுங்கள். பத்து நாள் தொடர்ந்தால், சூரியன் சுழல்வது உங்கள் தாளிலேயே தெரியும். அறிவியல் கழக ஆசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.